அக்காவின் பெயரில் ஒரு வீடு

2024 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. விடியப்புறம் எழும்பி முற்றம் கூட்டி, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன். இடியப்பம் அவித்து, பருப்பும் சொதியும் வைத்தேன். மகள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். கணவரின் சட்டைக்குக் கழன்ற பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். பாடசாலைக் கந்தோரில் அரைநாள் வேலை. மற்ற அரைநாளுக்கு லீவு. மருந்துக்கடையில் அக்காவின் பிரஷர் குளிசைகளை வாங்கிக்கொண்டு அக்கா இருக்கும் மில் வளவுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைகளில் நான் செய்வது இதுதான். அன்று வேறாக இருந்தது வளவின் நடுவே போட்டிருந்த கூடாரம் மட்டும்.

கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் கதிரைகள். வளவுச் சனம் எல்லாம் இருந்தது. வீடமைப்புக் கந்தோரிலிருந்து வந்த ஒரு இளம் பெண் விளங்கப்படுத்தினாள். இந்தப் பழைய வீடுகளை இடித்து மாடி வீடுகள் கட்டப்போகிறார்கள். கீழே கடைகள். மேலே சில வீடுகள் இப்போதைய சொந்தக்காரருக்கு, சில புதிதாக வாங்குவோருக்கு, சில அரசாங்க வாடகைக்கு. வசதி உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் ஒரே படியில் ஏறி இறங்கும் குடியிருப்பு என்றாள். நல்ல பிள்ளை. களைப்பாக இருந்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"அம்மா, நீங்கள் வீட்டுக்காரரோ?"

"இல்லைப் பிள்ளை. முன்னறையிலை வாடகைக்கு இருக்கிறன்," என்றார் அக்கா.

"குடும்பத்திலை எத்தினை பேர்?"

அக்கா என்னைப் பார்த்தார். "நான் மட்டும்."

"தனி ஆள்," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையிலிருந்த திரையைத் தட்டினாள். "வீட்டுக்காரர் வெளிநாட்டிலை எண்டாலும் அவையின்ர பங்கு இருக்கு. வாடகைக்கு இருக்கிற குடும்பங்களுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. தனி ஆளுக்கு என்னெண்டு இன்னும் முடிவில்லை அம்மா. எதுக்கும் நாளைக்குக் கந்தோருக்கு வாங்கோ."

அக்கா எழும்பி அறைக்கு நடந்தார். நான் குளிசைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்துப் போட்டேன். அதைப் பார்த்தபடி, "அதே சொல்லு, என்ன? தனி ஆள்," என்றார்.

மில் வளவில் என்னோடு ஓடித்திரிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறீர்கள். மில்லை இடித்த அந்த வருடம் உங்களுக்கு விளையாட்டு வருடம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று இப்போதுதான் வரிசைப்படி அடுக்கிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. வளவிலிருந்த அரிசி மில் நின்றுபோயிருந்தது. முதலாளி கொழும்புக்கே போய்விட, களஞ்சியத்தைப் பலகையாலும் சாக்காலும் மறித்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். எந்த அறையிலும் பழைய தவிட்டின் புளித்த மணம் இருந்தது. அம்மா சேலைகளை எவ்வளவு தோய்த்தாலும் அது போகாது. பள்ளிக்கூடத்தில் எங்களைத் 'தவிட்டுப் பிள்ளையள்' என்பார்கள். உமிக் குவியலில் சறுக்கி விளையாடிவிட்டு இரவெல்லாம் சொறிந்தது ஞாபகம் இருக்கிறதா? நெல் ஊறப்போடும் தொட்டிக்குள் ஒளித்துக்கொண்டு பேசினால் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் இருக்கும். நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தில் மதியத்தில் கால் வைக்க முடியாது. ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளித்தான் கடப்போம்.

அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அக்கா தையல் பழகி, எங்கள் ஒற்றை அறையின் சன்னலடியில் மெசினைப் போட்டுச் சட்டை தைத்துக் கொடுப்பார். அவருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். முள்ளியவளையில் ஒரு மாப்பிள்ளை. நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. சாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: சீதனமாக ஒரு வீடு.

அந்த வருடம்தான் வளவை அரசாங்கம் எடுத்தது. மில்லை இடித்துவிட்டு வீடுகள் கட்டப்போவதாகச் சொன்னார்கள். முன்வரிசை வீடுகள் மாதாமாதம் பணம் கட்டிச் சொந்த உறுதிப்பத்திரம் எடுக்கிறவர்களுக்கு. வாய்க்கால் பக்கமாகப் பின்வரிசை வாடகைக்கு. றோட்டோரம் கடைகள். கட்ட முன்னமே சனம் பெயர் வைத்துவிட்டது: உறுதிக்காரர், வாடகைக்காரர்.

வீடமைப்பு அதிகாரி ஒரு நாள் பின்னேரம் வந்து, எங்கள் சீமெந்துத் தளத்திலேயே ஒரு வீட்டை முழு அளவில் சுண்ணாம்பால் கீறிக் காட்டினார். விறாந்தை, முன்னறை, படுக்கையறை, குசினி. அவர் போனபின் நாங்கள் கோடுகளுக்கு மேலால் ஓடினோம்.

"ஏய், சுவருக்குள்ளாலை போகாதை! வாசலாலை போ!" என்று அம்மா கத்தினார். உண்மையாகவே கத்தினார். பிறகு தானே வாசலால் உள்ளே வந்து, குசினிக்குள் நின்று, கிழக்குப் பக்கம் பார்த்து அடுப்பு எங்கே வரும் என்று காலால் காட்டினார்.

அடுத்த அறை முஸ்லிம் குடும்பத்து ராத்தா இடுப்பில் பிள்ளையோடு கோட்டுக்கு வெளியே நின்று அம்மாவைக் கேட்டார். "அக்கா, உள்ளுக்கு வரலாமா? கதவு சாத்தியிருக்கா?"

"வாரும், வாரும். கதிரைதான் இல்லை," என்றார் அம்மா.

"பரவாயில்ல, நான் சுவரில சாஞ்சு நிக்கிறன்," என்று ராத்தா சாய்வதுபோல் பாசாங்கு செய்ய, பிள்ளை பயந்து அழுதது. எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் படுக்கையறைக் கோட்டுக்குள் அசையாமல் நின்றார். வெட்கத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன்.

பதிவு நாளன்று அதிகாரி புளியமரத்தடியில் மேசை போட்டார். ராத்தாவின் கணவர், நாங்கள் நானா என்று கூப்பிடும் தேங்காய் வியாபாரி, எங்களுக்கு முன்னால் நின்று தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அப்பாவின் முறை.

"வீடு ஆரின்ர பேரிலை?"

"மூத்த மகளின்ர பேரிலை," என்றார் அப்பா.

"அவ கல்யாணம் முடிச்சவவோ?"

"இல்லை ஐயா. அதுக்குத்தானே வீடு."

அதிகாரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உங்கட பேரிலை போடுங்கோவன். பிறகு மகளுக்கு எழுதலாம்."

"பிறகு எண்டால் எப்ப? உறுதி கைக்கு வர எத்தினை வரியம் செல்லும்? தகப்பன்ர பேரிலை வீடிருந்தால் நாளைக்கு இளையவளுக்கும் பங்கு எண்டு கதை வரும். மாப்பிள்ளை பகுதி கேக்கிறது பெட்டையின்ர பேரிலை வீடு. எங்கட ஆக்கள் அப்பிடித்தானே செய்யிறது, உங்களுக்குத் தெரியாததே?"

அதிகாரிக்கும் தெரியும். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். "அப்ப நீங்கள்?"

"நாங்கள் பிள்ளையோடை இருப்பம்."

அப்படியே பதிந்தார். மகள் வீட்டுக்காரி, தாய், தகப்பன், தங்கை அவளோடு இருப்பவர்கள். அப்பா வரும் வழியில் பேக்கரியில் எனக்குக் கல்பணிஸ் வாங்கித் தந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அன்று பின்னேரமே முள்ளியவளைக்குச் சொல்லி அனுப்பினார்.

மில்லை இடிக்கத் தொடங்கினார்கள். புகைபோக்கியைக் கயிறு கட்டி விழுத்திய அன்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடம் போகாமல் பார்த்தோம். அது விழுந்தபின் எழுந்த கரித்தூள் மூன்று நாளாகச் சோற்றில் இருந்தது. கூரைக்குள்ளிருந்த புறாக்கள் போக்கிடமில்லாமல் வளவைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. நாங்கள் இருந்த களஞ்சியத்தைக் கடைசிக்கு விட்டிருந்தார்கள்.

முன்வரிசைச் சுவர்கள் நெஞ்சளவுக்கு வந்தபோது அதிகாரி எங்கள் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வந்து இருக்க மாட்டேன் என்றார்.

"ஐயா, மேலையிருந்து சொல்லிப்போட்டினம். உறுதி வீடு குடும்பங்களுக்குத்தானாம். உங்கட மகளைத் தனி ஆள் எண்டு கழிச்சிருக்கினம்."

"தனி ஆளோ? நாங்கள் நாலு பேர் இருக்கிறம்."

"நீங்கள் மகளின்ர வீட்டிலை ஒண்டியிருக்கிற ஆக்கள் எண்டெல்லோ பதிஞ்சது. நீங்கள் சொன்னதைத்தான் நான் எழுதினன்."

 அம்மாதான் கேட்டார். "இப்ப இவரின்ர பேருக்கு மாத்தேலாதோ?"

"பதிவு முடிஞ்சுது. ரண்டு வழிதான் இருக்கு. பூட்டும் திறப்பும் குடுக்கிற நாளுக்கு முன்னம் மகளின்ர கல்யாண எழுத்தை முடிச்சுக்கொண்டு வாங்கோ. கல்யாணம் பதிஞ்சிட்டால் அவ குடும்பம். வீடு உங்களுக்குத்தான். இல்லாட்டில் பின்வரிசையிலை ஒரு வாடகை வீடு எடுங்கோ. அது இப்பவும் தரலாம்."

"வாடகை வீட்டைச் சீதனமாக் குடுக்கேலுமோ?" என்றார் அப்பா.

"ஏலாது."

"அப்ப அது எனக்கு என்னத்துக்கு?"

மழைக்கு ஒதுங்க நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஆனால் அப்பா அன்று கேட்டுக்கொண்டிருந்தது இருக்க ஒரு வீடு அல்ல, கொடுக்க ஒரு வீடு. அந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் எல்லோரும் விழுந்தோம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய தகப்பன் செய்தது அது. அம்மாவின் தகப்பன் செய்தது அது.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் நானும் பஸ் ஏறி முள்ளியவளைக்குப் போனோம். மாப்பிள்ளையின் தாய் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார். பனங்கட்டியோடு தேத்தண்ணீர் தந்தார். அந்த வீட்டு முற்றம் மாட்டுச்சாணம் தெளித்துக் குளிர்ந்து கிடந்தது. வேலியோரம் முருங்கை காய்த்துத் தொங்கியது. மாப்பிள்ளை சைக்கிளைப் பிடித்தபடி நின்று என்னிடம் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார்.

"எழுத்தை மட்டும் இப்ப முடிச்சு வைப்பம்," என்றார் அப்பா. "கல்யாணத்தைப் பிறகு ஆறுதலாச் செய்வம்."

"வீட்டுத் திறப்பைக் காட்டுங்கோ அண்ணை. அடுத்த நாளே எழுத்து," என்றார் தாய்.

"எழுத்தைக் காட்டினால்தான் அவங்கள் திறப்புத் தருவாங்கள்."

"அப்ப அவங்களையே வந்து கட்டச் சொல்லுங்கோ." தாய் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பை விட்டார். "குறை நினைக்காதையுங்கோ. எழுத்து முடிஞ்சாப் பிறகு வீடு இல்லையெண்டால் என்ர பிள்ளை எங்கை போய் இருப்பான்? உங்கட தவிட்டு அறைக்குள்ளையோ?"

அம்மா தலையைக் குனிந்தார். வரும்போது அந்தத் தாய் ஒரு கட்டு முருங்கைக்காய் தந்துவிட்டார். பஸ்ஸில் அதை யார் மடியில் வைப்பது என்று தெரியாமல் நான் வைத்திருந்தேன்.

அதன்பின் அப்பா ஓடியோடித் திரிந்தார். டிப்போவில் லீவு சொல்லிவிட்டு அதிகாரியிடம் போவார். அதிகாரி எழுத்து என்பார். முள்ளியவளை பஸ் சாரதியிடம் சொல்லி அனுப்புவார். அங்கிருந்து திறப்பு என்று மறுமொழி வரும். பஸ் நேரங்களை எழுதித் தந்து பிழைத்த மனிதர், வந்த பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஸ்ராண்டில் நின்றதை நான் கண்டேன். பின்வரிசை வாடகை வீடுகள் ஒவ்வொன்றாக ஆட்களுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நானாவுக்கு முன்வரிசையில் வீடு உறுதியாகியிருந்தது. ஒரு நாள் அவர் வந்து வாசலில் குந்தினார். "அண்ணன், கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க. வாடகை வீட்டை எடுத்துப் போடுங்க. தலைக்கு மேல ஓடு இருந்தா மிச்சத்தைப் பிறகு பாக்கலாம்."

"நீர் உறுதிக்காரர். நீர் சொல்லலாம்."

நானா எழும்பிப் போய்விட்டார். அப்படிச் சொன்னதற்காக அம்மா அப்பாவோடு அன்று சண்டை பிடித்தார். "ராத்தா எங்களுக்கு எத்தினை நாள் சோறு தந்தவா? என்ன கதை இது? போய் அந்த வாடகை வீட்டுக்குச் சொல்லுங்கோ. இருக்கிறதும் இல்லாமல் போகப்போகுது."

"என்ர பிள்ளையை வாடகைச் சனத்துக்கை இருத்தினால் ஆர் கேட்டு வருவான்?"

மெசின் நின்றது. "ஒருத்தரும் கேட்டு வரவேண்டாம் அப்பா," என்றார் அக்கா. "எனக்கு இருக்கிறதுக்கு ஒரு கூரை காணும்."

"நீ வாயை மூடு. உனக்காகத்தான் நான் நாயாத் திரியிறன்."

அக்கா மறுபடி மெசினை மிதித்தார். அந்த முழு வருடத்திலும் அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பெயரில் வீடு, அவர் பெயரில் எழுத்து, அவர் பெயரில் சண்டை. பதிவு மேசையில்கூட அவர் நிற்கவில்லை, மெசினடியில் இருந்தார்.

திறப்புக் கொடுத்த நாள் வாழை கட்டி, மேளம் அடித்தார்கள். உங்களுக்கு வடையும் சர்பத்தும் ஞாபகம் இருக்கும். அப்பா அயர்ன் பண்ணிய சட்டையோடு முன்வரிசையில் நின்றார். கடைசி நேரத்தில் ஏதாவது நடக்கும் என்று நம்பினாரோ தெரியாது. எங்களுக்கென்று இருந்த மூலை வீட்டின் திறப்பை ரயில் ஸ்ரேஷனில் வேலை செய்த ஒருவருடைய மனைவி வாங்கினார். அவர்கள் வளவுக்குப் புதிது. அப்பா கை தட்டினார். எல்லோரும் தட்டியபடியால் தட்டினார். பிறகு அதிகாரியிடம் போய், "ஐயா, அந்த வாடகை வீடு..." என்றார்.

"முடிஞ்சுதே ஐயா," என்றார் அதிகாரி. அவர் கண் கலங்கியிருந்ததாக அம்மா பின்னாளில் சொல்வார். நான் பார்க்கவில்லை. நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

களஞ்சியத்தின் கூரையைக் கழற்ற ஆட்கள் வரப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். டிப்போவுக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. அம்மா துணுக்காயில் இருந்த தூரத்துச் சொந்தம் ஒன்றின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அங்கே போனால் அப்பாவின் வேலை போய்விடும், என் பள்ளிக்கூடம் போய்விடும். அக்கா தலை இழுத்துப் பின்னி, நல்ல சேலை ஒன்றை உடுத்தார். "வா," என்று என்னைக் கூட்டிக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனார். பெயின்ற் காயாத கதவைத் தட்டினார்.

"உங்கட முன்னறையை வாடகைக்குத் தருவீங்களோ?"

"நாங்கள் இப்பதானே வந்தனாங்கள், பிள்ளை," என்றார் அந்த வீட்டுக்கார அம்மா. "ஆர் ஆர் இருக்கிறது?"

"அப்பா, அம்மா, இவள், நான்."

"ஒரு அறையிலை நாலு பேரோ?"

"இப்பவும் ஒரு அறையிலைதான் இருக்கிறம். உங்கட வீட்டுத் தையல் முழுக்க நான் தைச்சுத் தாறன்."

அந்த அம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வளவில் தெரியாதவர் இல்லை. "சமையல் வெளியிலைதான்," என்றார். "என்ர குசினிக்கை வரக்கூடாது."

அப்படித்தான் நாங்கள் அக்காவின் வீட்டில் குடியேறினோம். அம்மா காலால் அடுப்புக்கு இடம் காட்டிய குசினிக்குள் அவர் சாகும்வரை போகவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தார். அப்பா முன்வாசலால் போனதை நான் காணவில்லை. பக்கத்து ஒழுங்கையால் வந்து, பக்கக் கதவால் நுழைவார். முள்ளியவளை மாப்பிள்ளை அடுத்த வருடம் வேறு இடத்தில் கல்யாணம் முடித்தார். அதன்பின் சம்பந்தம் பேச ஒருவரும் வரவில்லை. வந்தாலும் அக்கா சம்மதித்திருக்க மாட்டார். இடையில் போருக்குப் பயந்து ஓடினோம், திரும்பி வந்தோம். வந்தபோதெல்லாம் அதே முன்னறைதான். எனக்குக் கல்யாணம் பேசியபோது என் பெயரில் நகரத்துக்கு வெளியே ஒரு காணி எழுதினார்கள். அது அக்காவின் மெசினிலிருந்து வந்த காணி. நான் இப்போது இருக்கிற வீடு அதில்தான் நிற்கிறது.

மார்ச் 5 பின்னேரம் அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கணவர் நடந்ததைக் கேட்டுவிட்டு யோசித்தார். நல்ல மனிதர். அக்காவில் மரியாதை உள்ளவர்.

"மச்சாள், நான் ஒண்டு சொல்லட்டே? வாங்கிறவைக்கு இருக்கிற வீட்டிலை ஒண்டைக் கடன் எடுத்து நாங்கள் எடுப்பம். மகளின்ர பேரிலை போடுவம். நீங்கள் இருக்கிற காலம் மட்டும் இருங்கோ. பிறகு அவளுக்கு ஒரு சீதனமாவும் இருக்கும்."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. உடனே சரி என்று சொல்ல வாயும் திறந்தேன். அந்த நொடியில்தான், நானும் அப்பாவைப்போல் கொடுக்க ஒரு வீடு தேடுகிறேன் என்ற பயம் எனக்குள் வந்தது.

அக்கா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "உங்கட பிள்ளைக்கு வீடு வேணுமெண்டால் கட்டிக் குடுங்கோ தம்பி. என்னைச் சாட்டி வாங்காதையுங்கோ."

"அப்ப எங்கை இருப்பியள்? எங்களோடை வந்திருங்கோ எண்டால் அதுக்கும் மாட்டன் எண்டுறியள்."

"ஓம், மாட்டன்."

"பெரியம்மா, ரண்டும் இல்லாட்டில் றோட்டிலையோ?" என்று மகள் கேட்டாள். அக்கா அவள் தலையில் மெதுவாகக் குட்டினார்.  அன்று சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார்.

மார்ச் 6, புதன்கிழமை. நான் எழும்பி முதலில் பார்த்தது அக்காவின் பாயை. சுருட்டிச் சுவரோடு வைத்திருந்தது. முற்றம் கூட்டவில்லை, அடுப்பு மூட்டவில்லை. ஓட்டோ பிடித்து வீடமைப்புக் கந்தோருக்குப் போனேன். இன்னும் ஆட்கள் வரவில்லை. கதவைத் திறந்துவிட்ட காவலாளி தூங்கி வழிந்துகொண்டிருந்தார். வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் முதலாவதில் அக்கா இருந்தார்.

நேற்று வந்த பெண் கைப்பையோடு உள்ளே வரும்போதே அக்கா எழும்பினார். "பிள்ளை, வாடகை வீடு ஒண்டு. என்ர பேரிலை."

"அம்மா, நான் நேற்றே சொன்னனான். தனி ஆளுக்கு இன்னும் முடிவு வரேல்லை."

"வரட்டும். நான் இருக்கிறன்."

"அது இண்டைக்கு வராது அம்மா. இந்தக் கிழமையும் வராது."

"எனக்கு அவசரமில்லை," என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி இருந்தார்.  சேலைத் தலைப்பை மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நான் இரண்டாவது கதிரையில் போய் இருந்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"நீ எழும்பிப் போ. நீ குடும்பக்காரி, உனக்கு இஞ்சை என்ன வேலை?"